கிணற்று நீர்க் கட்டுரைக்கு யார் யார் ஆசிரியர்? ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று ஓர் ஆய்வுக் குழு மாரியும் கோடையுமாக அலைந்து அளந்தது. கட்டுரையும் எழுதியாயிற்று. சஞ்சிகையின் படிவத்தில் ஆசிரியர் பெயர்களை நிரப்பும் கட்டத்தில் வேலை நின்றுவிட்டது. மாணவியின் வரைவில் மூன்று பெயர்கள் இருந்தன. துறைக்குள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியபோது அவை ஆறாகியிருந்தன. கிணறுகளைக் காட்டிய கமக்காரரும், அளவீட்டில் இருந்த பெரிய பிழையைப் பிடித்த ஆய்வுகூட உத்தியோகத்தரும் அந்த ஆறில் இல்லை. அவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லப்பட்டிருந்தது.

இது ஒரு குறிப்பிட்ட குழுவின் கதை அல்ல. ஆய்வு முறையியல் வகுப்பில் வைத்துப் பேசுவதற்காக, நம் சூழலில் வழக்கமாக நடப்பவற்றைக் கோத்து நான் கட்டிய நிகழ்வு. ஆகவே ஆளைத் தேட வேண்டாம். ஆனால் இதில் வரும் விதிகள், ஆண்டுகள், வெளியுலகச் சம்பவங்கள் எல்லாம் உள்ளவைதான்.

பின்னணி

குடாநாட்டில் வழுக்கியாறு மாரியில் மட்டும்தான் ஓடும். மற்றபடி குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரை விட்டால் வேறு கதியில்லை. செம்மண் தறைகளில் வெங்காயம், புகையிலை, மரக்கறி என்று ஓய்வில்லாமல் பயிர் நடக்கும். போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது மழையோடு கல்வெடிப்புகளுக்குள் இறங்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழி இருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சேர்க்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேலெல்லை. அதற்கு மேலே போனால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்குத்தான். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையும்.

எனவே கட்டுரை என்ன சொல்லப்போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. “பசளைதான் காரணம்” என்று எழுதினால் ஒரு ஊரின் தோட்டக்காரர் எல்லாரும் குற்றவாளிகள். “குழிதான் காரணம்” என்று எழுதினால் பொறுப்பு வீடு கட்ட அனுமதி கொடுத்தவர்களிடம் போகும். கட்டுரையின் ஆசிரியர் என்றால் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

யார் என்ன செய்தார்கள்

மேற்பார்வையாளர் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர். கேள்வியை எழுப்பியதும் நிதி எடுத்ததும் அவர். வரைவைத் திரும்பத் திரும்ப வெட்டித் திருத்தினார். மாணவி முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தவர். போத்தல்களைக் கட்டிக்கொண்டு போய் மாதிரி எடுத்ததும், அளந்ததும், முதல் வரைவை எழுதியதும் அவர். இவர்கள் இருவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. வேறொரு துறையில் இருந்த புள்ளிவிபரவியலாளர் பகுப்பாய்வைச் செய்தார். முடிவுகள் பகுதியில் பாதி அவர் எழுத்து.

துறைத் தலைவர் வாகனம் கொடுத்தார், கடிதங்களில் கையொப்பமிட்டார். நிதி விண்ணப்பத்தில் சக விண்ணப்பதாரராக இருந்த ஒரு விரிவுரையாளர், விண்ணப்பத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் போன வருடம் தன் கட்டுரையில் மேற்பார்வையாளரின் பெயரைப் போட்டிருந்தார். அதை ஞாபகப்படுத்தவும் தவறவில்லை. ஆறாவது ஆள், இங்கே படித்து வெளிநாட்டில் பேராசிரியராக இருப்பவர். வரைவின் ஆங்கிலத்தை நன்றாகத் திருத்தித் தந்தார். அவர் பெயர் இருந்தால் சஞ்சிகை கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கும் என்பது துறையில் எல்லாருடைய எண்ணமும்.

அப்புறம் பட்டியலுக்கு வெளியே நின்ற இருவர்.

தொடக்கத்தில் நைத்திரேற்றை மின்வாய் கொண்டு அளந்தார்கள். கரையோரக் கிணறுகளில் எண்கள் எகிறின. மாணவி அதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து வரைபடமே போட்டுவிட்டார். உத்தியோகத்தர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உது உவர்த்தண்ணி, பிள்ளை. குளோரைட்டு கூடினால் இந்த மின்வாய் அதையும் சேர்த்து நைத்திரேற்று எண்டு வாசிக்கும்.” அவர் சொன்னது சரி, குளோரைட்டின் குறுக்கீடு அந்த முறையின் தெரிந்த பலவீனம். எந்த மாதிரிகளை, ஒளி உறிஞ்சப்படும் அளவைக் கொண்டு அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் திருப்பி அளப்பது, எவற்றை அடியோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்ததும் அவர்தான். அந்தத் தலையீடு இல்லாவிட்டால் கட்டுரையின் நடு அட்டவணையே பொய்.

கமக்காரர், கமக்காரர் அமைப்பொன்றில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். எது பங்குக் கிணறு, எதை எந்த வருடம் ஆழமாக்கினார்கள், எதிலிருந்து எந்தத் தறைக்கு நீர் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தன் தோட்டத்தில் பசளை போட்ட நாட்களைக் கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. மாணவி மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பதாகத் திட்டம் போட்டிருந்தார். “மாசக் கணக்கிலை எடுத்தால் என்னத்தைப் பிடிப்பியள்? பசளை போட்டு, முதல் மழை விழுந்த கிழமை வாங்கோ” என்றார் இவர். திட்டம் மாறியது. ஆய்வு பிடித்த ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த மாற்றத்தால் கிடைத்தது.

விதி என்ன சொல்கிறது

1978 இல் வன்கூவரில் கூடிய மருத்துவச் சஞ்சிகைப் பதிப்பாசிரியர்களின் வழிவந்த சர்வதேசக் குழு ஒன்று இருக்கிறது. அதன் பரிந்துரைகள் மருத்துவத்துக்கென்று எழுதப்பட்டவை என்றாலும் மற்றத் துறைச் சஞ்சிகைகளும் அவற்றையோ அவற்றைப் போன்றவற்றையோ பின்பற்றுகின்றன. நான்கு நிபந்தனைகள். ஆய்வின் எண்ணக்கரு, வடிவமைப்பு, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, விளக்கம் என்பவற்றில் ஏதேனும் ஒன்றில் கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் கருத்தைத் தொடும் அளவுக்குத் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகப்போகும் வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வேலையின் எல்லாப் பகுதிக்கும் பொறுப்பேற்க, அதாவது கேள்வி வந்தால் அது ஆராயப்பட்டுத் தீரும்வரை நிற்க, உடன்பட வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நிதி பெற்றுத் தந்தது, பொதுவாக மேற்பார்வை செய்தது, ஆங்கிலம் திருத்தியது ஆகியவை தனியே நின்றால் நன்றியுரைக்கு உரியவை.

நான்காவது நிபந்தனை 2013 இல்தான் சேர்ந்தது. அதற்குப் பின்னால் பழைய காயங்கள் உண்டு. 1980களின் நடுவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ராபர்ட் ஸ்லட்ஸ்கி என்ற இளம் மருத்துவ ஆய்வாளரின் மோசடி வெளியானபோது, விசாரணைக் குழு 137 கட்டுரைகளைத் தோண்ட வேண்டியிருந்தது. அவற்றில் பெயர் போட்டிருந்த சக ஆசிரியர்கள் பாராட்டை வாங்கியிருந்தார்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கைவிரித்தார்கள். 1997 இல் மருத்துவச் சஞ்சிகைப் பதிப்பாசிரியரான டிரம்மண்ட் ரென்னியும் வேறு சிலரும் “ஆசிரியர்” என்ற ஒற்றை அடையாளத்தைக் கைவிட்டு, யார் எதைச் செய்தார் என்று பங்களிப்பாளர்களாகப் பட்டியலிடுவோம் என்று முன்மொழிந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இந்த விதியை வைத்துத் துறைத் தலைவரையும் சக விரிவுரையாளரையும் நீக்குவது சுலபம். முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறார்கள். சிக்கல் மற்றப் பக்கத்தில். உத்தியோகத்தரும் கமக்காரரும் முதல் நிபந்தனையைத் தாராளமாகத் தாண்டுகிறார்கள். “ஆனால் அவையள் கட்டுரையை எழுதேல்லையே, திருத்தவும் இல்லையே. இரண்டாவது நிபந்தனையிலை விழுந்திட்டினம்” என்றார் மேற்பார்வையாளர். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் படும்.

அவர் வாசிக்காமல் விட்டது, அதே பரிந்துரையில் நிபந்தனைகளுக்குக் கீழே இருக்கும் பந்தி. ஆசிரியத் தகுதி உள்ள சகாக்களைத் தட்டிக்கழிப்பதற்கு இந்த நிபந்தனைகளைக் கருவியாக்கக் கூடாது, முதல் நிபந்தனையை நிறைவுசெய்கிற எல்லாருக்கும் வரைவில் பங்குகொள்ளவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வரைவை ஒருவருக்குக் காட்டாமலே வைத்துவிட்டு, அவர் திருத்தவில்லை என்று தள்ள முடியாது. இந்த நிகழ்வின் திருப்பம் இந்தப் பந்தியில் இருக்கிறது என்பது என் கருத்து. முதலாவது பெயரா மூன்றாவது பெயரா என்ற சண்டை அதற்குப் பின்னால் வருவது.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தள்ளல் பெரும்பாலும் யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. வயலிலும் ஆய்வுகூடத்திலும் வேலை தமிழில் நடக்கும். கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்படும். இரண்டுக்கும் இடையில் ஒரு வாசல். ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர்கள் மட்டும் அதைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு விதியைப் பார்த்தால் அவர்கள் மட்டுமே “எழுதியவர்கள்”.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1862 இல் சென்னையில் அச்சான மிரோன் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதியின் முகப்பைப் பாருங்கள். தகுதிவாய்ந்த சுதேச அறிஞர்களின் உதவியோடு வின்ஸ்லோ செய்தது, மறைந்த ஜோசப் நைற்றும் மற்றவர்களும் விட்டுச்சென்ற கையெழுத்துப் பொருளையும் ஓரளவு பயன்படுத்தியது என்று இருக்கும். இரு பாதிரியார்களுக்கும் முகப்பில் பெயர் உண்டு. “சுதேச அறிஞர்கள்” அங்கே பன்மையில் நிற்கிறார்கள். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் உழைத்ததும் ஊரறிந்த சங்கதி. 1850 இல் வந்த அந்த மொழிபெயர்ப்பைச் சிலர் பேர்சிவலின் பெயராலும் சிலர் நாவலரின் பெயராலும் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாவலர் பின்னாளில் நாவலர் ஆனதால் அந்தப் பேச்சாவது மிஞ்சியது.

வரைவைத் தமிழில் வாசித்தது

மாணவிதான் பிடிவாதம் பிடித்தார். “சேர், அவைக்கு ஒருக்கால் வாசிச்சுக் காட்டுவம். அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்.” மேற்பார்வையாளர் அரைமனதோடு தலையாட்டினார். கட்டுரையின் முறையியல், முடிவுகள், கலந்துரையாடல் பகுதிகளைத் தமிழில் சொல்லி, ஒவ்வொரு பந்திக்கும் நிறுத்திக் கேட்டார்கள். உத்தியோகத்தருக்கு ஆங்கிலத்தில் வாசிப்பது சிரமமில்லை, எழுதத்தான் கூச்சம். அவர் முறையியல் பகுதியில் இரண்டு இடங்களைத் திருத்தினார். நீக்கிய மாதிரிகளை ஏன் நீக்கினோம் என்பது மூடி மறைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, அதற்கென்று ஒரு பந்தி எழுத வைத்தார்.

கமக்காரர் நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கலந்துரையாடலில் ஒரு வாக்கியம் வந்தது: அளவுக்கு மிஞ்சிய பசளைப் பாவனையே ஆய்வுப் பரப்பு முழுவதிலும் உயர்ந்த நைத்திரேற்றுக்குக் காரணம். அங்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த வடக்குப் பக்கத்துக் கிணறுகளைச் சொல்லுறியளோ? அங்கை இப்ப தோட்டம் எங்கை கிடக்கு? திரும்பி வந்த சனம் சின்னச் சின்னக் காணித்துண்டிலை வீடு கட்டியிருக்குது. கிணத்துக்கும் குழிக்கும் இடையிலை எத்தினை அடி எண்டு அளந்து பாத்தனியளோ?”

அளந்து பார்க்கவில்லை. வரைவில் பசளைப் பயன்பாடு ஒரு மாறியாக இருந்தது. குழியின் தூரம் இல்லை. திரும்பப் போய் அளந்தார்கள். புள்ளிவிபரவியலாளர் அந்த மாறியைச் சேர்த்து மாதிரியுருவை மறுபடி ஓட்டினார். தோட்டப் பகுதிக் கிணறுகளில் பசளை தன் இடத்தில் நின்றது. வீட்டுப் பகுதிக் கிணறுகளில் குழியின் தூரம் முன்னுக்கு வந்தது. ஒரே காரணம் சொன்ன கட்டுரை இரண்டு காரணம் சொல்கிற கட்டுரையானது. தலைப்பும் மாறியது.

கருத்தைத் தொடும் திருத்தம் என்று இரண்டாவது நிபந்தனை கேட்பது இதைத்தான். அவர் ஒரு ஆங்கில வாக்கியமும் எழுதவில்லை என்பது உண்மை. கட்டுரையின் முடிவை மாற்றியது அவர் என்பதும் உண்மை. மூன்றாவது நிபந்தனையான ஒப்புதலுக்கு, இறுதி வடிவத்தின் தமிழ் விளக்கத்தை எழுதிக் கையில் கொடுத்தார்கள், வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டார். நான்காவதில் கொஞ்சம் தயங்கினார். “புள்ளிவிபரத்திலை பிழை எண்டு ஆரும் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?” நியாயமான கேள்வி. ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தானே விளக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. தன் பகுதிக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், மற்றப் பகுதிக்கு யார் பதில் சொல்வார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவர்களுடைய நேர்மையில் நம்பிக்கை இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் சரி என்றார்.

வெளிநாட்டுப் பேராசிரியரின் விஷயம் இதற்கு நேர்மாறு. ஆங்கிலம் அவர் கையால் மின்னியது. ஆனால் கருத்தில் எதுவும் அசையவில்லை. இடையில் மாணவி சில பந்திகளை சாட்ஜிபிடியில் போட்டும் இலக்கணம் சரிபார்த்திருந்தார். 2023 இல் அந்த மென்பொருளைச் சிலர் ஆசிரியராகவே போடத் தொடங்கியபோது, பெரிய பதிப்பகங்களும் வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் அமைப்பும் முடியாது என்று சொல்லிவிட்டன. பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். பேராசிரியர் மனிதர், விரும்பினால் பொறுப்பேற்கக் கூடியவர், அந்த வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் செய்த வேலையை மட்டும் எடுத்தால் இரண்டும் மொழித் திருத்தம். அவருக்கு முழுத் தரவையும் அனுப்பி, கலந்துரையாடலை விமர்சித்து எழுதி ஆசிரியராகச் சேருங்கள், அல்லது நன்றியுரையில் இருங்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள். நேரமில்லை, நன்றியுரை போதும் என்று பதில் வந்தது. கொஞ்சம் மனத்தாங்கல் இருந்திருக்கும்.

எண்ணும் கணக்கு

பெயரைச் சேர்ப்பதில் ஏன் இவ்வளவு தாராளம்? எண்ணும் முறையில் விடை இருக்கிறது. பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர் வெளியீடுகளை அடுக்கிப் புள்ளி எடுக்கிறார். ஐந்து பேர் எழுதிய கட்டுரையை ஐந்து பேரும் தலைக்கு ஒரு கட்டுரை என்று எண்ணினால் அது முழு எண்ணிக்கை. ஆறாவது பெயர் சேர்ந்தால் மற்றவர்களுக்கு எதுவும் குறையாது. சேர்க்கிறவருக்குச் செலவில்லை, சேர்கிறவருக்கு ஒரு கட்டுரை லாபம். அன்பளிப்பு ஆசிரியர்கள் பெருகுவதற்கு இந்தக் கணக்கே போதும். ஆட்களின் ஒழுக்கத்தைத் தனியாகத் திட்ட வேண்டியதில்லை.

நம் ஊர்க் காணி உறுதிகளில் பங்குக் கிணற்றை எப்படி எழுதுவார்கள்? எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று பின்னமாக. ஒருவர் கூடினால் மற்றவருடைய இறைப்பு முறை குறையும், அதனால் யாரும் சும்மா ஒருவரைச் சேர்க்க மாட்டார்கள். ஆய்வு உலகிலும் அப்படிப் பின்ன எண்ணிக்கை உண்டு: ஐந்து பேர் என்றால் தலைக்கு 0.2. இன்னொரு முறையில் வரிசையையும் கணக்கில் எடுப்பார்கள். முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு அதில் பாதி, மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று என்று கொடுத்து மொத்தத்தை ஒன்றாகச் சுருக்குவது. ஐந்து பேருக்கு அது முறையே 0.438, 0.219, 0.146, 0.109, 0.088 என்று வரும்.

ஒரே கட்டுரையில் ஐந்தாவதாக நிற்கும் மேற்பார்வையாளருக்கு முதல் முறையில் 1, இரண்டாவதில் 0.2, மூன்றாவதில் 0.088. ஆனால் ஆய்வுகூட அறிவியல்களில் கடைசி இடம் குழுத் தலைவருக்கு உரியது என்று வழக்கம். அந்த வழக்கம் தெரியாத கணக்கு அவரைக் கடைசி ஆளாக்கிவிடும். கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் போடுவார்கள். அங்கே வரிசைக்கு அர்த்தமே இல்லை. 2015 இல் ஹிக்ஸ் துகளின் நிறையைக் கணித்த ஐரோப்பிய அணு ஆய்வு மையமான சேர்னின் இரு குழுக்களுடைய கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் ஆய்வுக்கும் உசாத்துணைக்கும் 9 பக்கம், மிச்சம் 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். அங்கே எந்த எண்ணும் முறையும் வேலைக்கு ஆகாது.

2005 இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் தந்த எச் சுட்டெண்ணும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. ஒருவருக்கு எச் சுட்டெண் 10 என்றால், குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து அவருக்கு இருக்கின்றன. அந்தப் பத்திலும் அவர் எத்தனையாவது பெயர், எத்தனை பேரில் ஒருவர் என்பது அதில் தெரியாது. சும்மா சேர்ந்த பெயருக்கும் மேற்கோள் அப்படியே சேரும்.

ஒரு பூனையும் ஆசிரியராக இருந்திருக்கிறது. 1975 இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் எங்கும் “நாங்கள்” என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றை ஆசிரியர் “நாங்கள்” என்று எழுதினால் சஞ்சிகை திருப்பி அனுப்பும் என்று ஒரு சகா சொன்னார். கணினியில் கட்டுரை தட்டச்சு செய்யும் வழக்கம் பரவாத காலம். முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாகத் தன் சியாமியப் பூனையை எப். டி. சி. வில்லார்ட் என்ற பெயரில் இரண்டாம் ஆசிரியராக்கினார். கட்டுரை பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸில் வெளியானது. நம் சக விரிவுரையாளரைப் போலவே வில்லார்டும் தரவைப் பார்க்கவில்லை.

இப்போது பல சஞ்சிகைகள் கிரெடிட் என்ற வகைப்பாட்டின்படி ஒரு பங்களிப்புப் பட்டியலையும் கேட்கின்றன. எண்ணக்கரு, முறையியல், தரவு ஒழுங்குபடுத்தல், பகுப்பாய்வு, வளங்கள், முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி முதலான 14 பாத்திரங்கள். 2022 இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. அதை நிரப்ப உட்கார்ந்தபோது பாதிப் பிரச்சினை தானாகவே தெளிந்தது; சக விரிவுரையாளரின் பெயருக்கு எதிரே எதை எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் யார் ஆசிரியர் என்பதைக் கிரெடிட் தீர்மானிப்பதில்லை, ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்லும். அதிலும் எழுத்துக்கு இரண்டு பாத்திரம் இருக்கிறது. ஊரறிவுக்கு ஒன்றும் இல்லை. கமக்காரரை “முறையியல்”, “கள விசாரணை”, “திருத்தம்” மூன்றிலும் பதிந்தார்கள்.

முடிவானது

துறைத் தலைவரிடம் மேற்பார்வையாளர் பொறுப்பேற்புப் படிவத்தையே கொண்டுபோய்க் காட்டினார். நாளை இந்தத் தரவில் பிழை என்று யாரும் எழுதினால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும், சேர். அவர் படிவத்தை வாசித்துவிட்டு, “எனக்கு ஏன் தம்பி உது, நன்றியிலை போடும்” என்று முடித்துவிட்டார். சக விரிவுரையாளர் அப்படி விடவில்லை. கொடுத்த பெயருக்குப் பெயர் வரவில்லை என்ற கோபம் இன்னும் தீரவில்லை. அடுத்த நிதி விண்ணப்பத்துக்கு மேற்பார்வையாளர் வேறு துணை தேட வேண்டியிருக்கும். விதி சரியான முடிவைத் தந்தாலும் அதன் செலவை யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும்.

இறுதிப் பட்டியல்: மாணவி, உத்தியோகத்தர், கமக்காரர், புள்ளிவிபரவியலாளர், கடைசியில் தொடர்புக்குரிய ஆசிரியராக மேற்பார்வையாளர். என்னைக் கேட்டால் கமக்காரரை இரண்டாவதாகப் போட்டிருப்பேன். அளவீட்டுப் பிழையைப் பிடித்தது அட்டவணையைக் காப்பாற்றியது. குழியைப் பற்றிய கேள்வி முடிவையே மாற்றியது. குழு வேறு மாதிரி யோசித்தது, வரிசையைக் கூடிப் பேசி எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதால் அதில் தலையிட இடமில்லை. இந்தப் பேச்சை நிதி விண்ணப்பம் எழுதும்போதே பேசியிருந்தால் பாதி மனக்கசப்பு மிச்சமாகியிருக்கும். அனுப்பிய பிறகு பெயர் சேர்ப்பது, நீக்குவது என்றால் பெரும்பாலான சஞ்சிகைகள் எல்லா ஆசிரியர்களின் எழுத்துமூல ஒப்புதலைக் கேட்கும்.

பெயரை எழுதுவதில் இன்னொரு தலையிடி. படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். மாணவி ஒரு மாநாட்டுச் சுருக்கத்தில் சொந்தப் பெயரை முன்னும் தகப்பன் பெயரைப் பின்னும் எழுதியிருந்தார், தரவுத்தளம் அவரைத் தகப்பன் பெயரில் பதிந்து வைத்திருந்தது. கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றினால் மூன்றாவது ஆளாகவும் ஆகிவிடுவார். 2012 இல் தொடங்கிய ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாளம் இதற்கு இருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. ஐந்து பேருக்கும் எடுத்தார்கள். கமக்காரரின் நிறுவனம் என்ற கட்டத்தை வெறுமையாக விடப் படிவம் சம்மதிக்கவில்லை. அமைப்பின் பெயரைப் போடலாமா என்று அமைப்பின் இப்போதைய நிருவாகத்திடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு போட்டார்கள்.

மதிப்பாய்வாளர்கள் கேள்விகளோடு திருப்பி அனுப்பினார்கள். குளோரைட்டுக் குறுக்கீடு பற்றியதற்கு உத்தியோகத்தர் தமிழில் எழுதிக் கொடுக்க, மாணவி ஆங்கிலமாக்கினார். குழிகளின் வயது எப்படித் தெரியும் என்ற கேள்விக்குக் கமக்காரரின் கொப்பியும் அவர் வீடுவீடாகக் கேட்டறிந்ததும் பதிலாகப் போயின. இதற்கிடையில் உத்தியோகத்தர் ஒன்று கேட்டார்: இந்தக் கட்டுரையால் தன் பதவி உயர்வுக்கு ஏதும் உண்டா? இல்லை. அவருடைய பதவித் தரத்துக்கான படிவத்தில் வெளியீடு என்றொரு கட்டமே கிடையாது.

கட்டுரையோடு கிணற்றுத் தரவுத் தொகுப்பையும் டிஓஐ எனப்படும் நிலையான இணைய அடையாள எண் ஒன்றோடு தனியாகப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். யாருடைய கிணறு என்று தெரியாதபடி இடக்குறிப்புகளைப் பருமட்டாக்கியிருக்கிறார்கள். தரவுத் தொகுப்பைத் தனியாக மேற்கோள் காட்டலாம். அதன் படைப்பாளர் வரிசை கட்டுரையின் வரிசையாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதில் முதற்பெயர் கமக்காரருடையது. அவரை அடுத்து மாணவியும் உத்தியோகத்தரும் வருகிறார்கள். மேற்பார்வையாளர் தன் பெயரை அதில் போட வேண்டாம் என்று தானாகவே சொன்னார்.